குருதிக்கு உரம் தேடிய சுப்பாராவ்

பருத்தித்துறை முதல் ஊர்காவற்றுறை வரை, நம் குடாநாட்டின் தாய் சேய் நல நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் குளிகைகளுள் போலிக்கமிலம் ஒன்று. மிகச் சிறியது, விலையும் அற்பம். அதனைக் கைப்பையில் இட்டுக்கொண்டு வீடு திரும்பும் இளந்தாய் அதன் வரலாற்றைக் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வார் அரியர். பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னையில் வைத்தியம் பயின்ற ஓர் ஆந்திர இளைஞர், தம் தமையனையும் தம்பியையும் எட்டு நாள் இடைவெளியிலே கொள்ளை கொண்ட நோயொன்றுக்கு மருந்து தேடிக் கடல் கடந்தார். திரும்பி வரவே இல்லை. அவர் தேடலின் பயன்களுள் ஒன்றே இக்குளிகை. டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அப்பெரியார் 1948 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தமது 53 ஆவது வயதில், நியூயோர்க் மாநிலத்திலே தனியராய் மறைந்தார்.

குருதி எவ்வாறு உண்டாகின்றது, அதனை உண்டாக்கும் கலங்களுக்கு ஆணை எங்கிருந்து வருகின்றது, அவ்வாணை கலத்தின் உள்ளே எவ்வாறு கைமாறுகின்றது என்பனவற்றை இன்று ஒருவர் சொல்லப் புகுந்தால், சுப்பாராவின் பெயர் இரண்டு இடங்களில் வந்தே தீரும். அவற்றுள் ஓரிடத்தில் தாம் நிற்பதை அவரே அறிந்திலர். ஆதலின் அவர் வாழ்வையும் அந்த விஞ்ஞானத்தையும் பிரிக்காமலே இங்கு சொல்ல முற்படுகின்றோம்.

அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரையைச் சார்ந்த பீமாவரத்தில், 1895 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் வருவாய்ப் பகுதியில் சிறு உத்தியோகத்தர். நோயினால் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற நேர்ந்தவர். வீட்டில் பிள்ளைகள் பலர். வறுமையோ அதனிலும் பெரிது. சுப்பாராவ் பள்ளியில் ஒளிவிட்ட பிள்ளையும் அல்லர். பதின்மூன்று வயதில், காசிக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் தேடலாம் என்று வீட்டை விட்டு ஓடினார், பிடித்து வரப்பட்டார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறையே தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயிலுங்கால் இராமகிருஷ்ண மடத்தின்பால் உள்ளம் சென்றது. துறவு பூண விரும்பினார். மடத்துத் துறவியரோ, வைத்தியம் பயின்று பிணியாளருக்குத் தொண்டாற்றுமாறு அவரை வழிப்படுத்தினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919 இல் மணம் புரிந்துகொண்ட சேஷகிரி அம்மையாரின் தந்தையார் படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவ் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, முழுப் பட்டமாகிய எம்.பி.பீ.எஸ். கைகூடாமல், அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஒரு முழத் துணிக்கு ஒரு பட்டம் விலையாயிற்று எனலாம்.

அக்காலத்தேதான் அந்த இடி வீழ்ந்தது. வெப்பநாட்டுக் கழிச்சல் நோய் ஒன்று, நம் பரிகாரிமார் கிராணி என வகுக்கும் நோய்க்கூட்டத்தைச் சேர்ந்தது, அவர் குடும்பத்துள் புகுந்தது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது, நாக்குப் புண்ணாகும், உடல் நாளுக்கு நாள் வற்றும், ஈற்றில் குருதி நீர்த்து முகம் மெழுகாக வெளிறும். தமையனார் மாண்டார். எட்டு நாளில் தம்பியும் மாண்டார். வைத்தியம் கற்றவர் வீட்டில் இருந்தும் செய்வதற்கு ஏதும் இல்லை. நோயின் காரணம் எவருக்கும் தெரியாது. சிறிது காலத்தில் அதே நோய் சுப்பாராவையும் பற்றிற்று. அவரைக் காத்தது அவர் கற்ற மேனாட்டு வைத்தியம் அன்று. ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட லட்சுமிபதியின் மருந்திலே அவர் தேறினார். தேறியவர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்று விரிவுரையாளராய் அமர்ந்தார். எம்மருந்து தம்மைக் காத்தது, அஃது உடலினுள் என்ன செய்தது என்ற வினா மட்டும் அவரை விட்டகலவில்லை. அவ்வினாவை எடுத்துக்கொண்டே, மாமனாரின் உதவியும் ஓர் அறநிலையத்தின் உதவியும் பெற்று, 1920 களின் தொடக்கத்தில் பொஸ்ரன் நகரம் சேர்ந்து, ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு வைத்தியம் பயின்றார். பகலிற் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரி ஒன்றில் ஏவல் வேலை. இந்தியாவில் அவர் பிரிந்த பின் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. அதன் முகத்தைத் தந்தை கண்டதே இல்லை.

குருதியைப் பற்றி அந்நாளில் வைத்திய உலகு அறிந்திருந்தது எவ்வளவு என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எளிதில் விளக்கலாம். மானிப்பாயில் 1848 முதல் தங்கி வைத்தியம் புகட்டிய டாக்டர் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்த பெருந்தொண்டை நாம் நன்கு அறிவோம். மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் ஆகிய அவர் நூல்கள் நம் முன்னோர் கையில் தவழ்ந்தன. குருதி ஓடும் வழியும், அதிலுள்ள செங்குழியம் வெண்குழியம் என்னும் இருவகைத் துணிக்கைகளும் கிறீன் காலத்து வைத்தியருக்குத் தெரியும். ஆனால் அத்துணிக்கைகள் எங்கே பிறக்கின்றன? பிரசியாவின் கோனிக்ஸ்பேர்க் நகரில் நொய்மான் என்பார், என்பின் உள்ளிருக்கும் மச்சையே குருதியின் பிறப்பிடம் என வெளியிட்ட ஆண்டு 1868. கிறீன் அப்போது மானிப்பாயில்தான் இருந்தார். 1906 இல் பாரிசு நகரத்துக் கார்னோ என்பார், குருதி வடிக்கப்பட்ட முயலின் குருதிநீரைப் பிறிதொரு முயலுக்கு ஏற்ற, அதற்குச் செங்குழியங்கள் பெருகக் கண்டதாக அறிவித்தார். அஃதாவது, மச்சைக்கு ஆணையிடும் ஏதோவொரு பொருள் குருதியிலேயே மிதந்து வருகின்றது. அதன் பெயர் எரித்ரோபொயற்றின். பெயர் கிடைத்ததேயன்றிப் பொருள் கிடைக்க எழுபது ஆண்டுகள் சென்றன. 1977 இல், யப்பானின் குமமோட்டோவில் மியாக்கே என்னும் அறிஞர், மச்சை செயலிழந்த நோயாளரிடமிருந்து 2,550 லீற்றர் சிறுநீரைச் சேர்த்து வற்றச் செய்து சிக்காகோவுக்குக் கொண்டுவர, அங்கே கோல்ட்வாசர் அதிலிருந்து அப்பொருளைத் தூயதாய்ப் பிரித்தெடுத்தார். குருதியை வளர்க்கும் காரணிகளுள் இது ஒன்று. வெண்குழியங்களுக்கும் குருதிச் சிறுதட்டுக்களுக்கும் வேறு வேறு காரணிகள் உண்டு.

இனிச் சுப்பாராவிடம் மீள்வோம். ஹார்வாட்டில் சைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரின் கீழ் அவர் சேர்ந்தபோது அவருக்கு இடப்பட்ட பணி மிகச் சாதாரணமானது: குருதியிலும் சிறுநீரிலும் பொசுபரசு எவ்வளவு உண்டு என்பதைத் திருத்தமாய் அளக்க ஒரு முறை காணுதல். கண்டார். 1925 இல் வெளியான பிஸ்கே–சுப்பாராவ் முறை, நீல நிறத்தின் செறிவைக் கொண்டு பொசுபரசை அளப்பது. உலகின் ஆய்வுகூடங்களில் பல தலைமுறை மாணவர் அதனைக் கையாண்டனர். அளவுகோல் கைக்கு வந்ததும் தசையை அளந்தார்கள். அங்கே எவரும் அறியாத பொருளொன்று இருந்தது. அதுவே கிரியற்றின் பொசுபேற்று, ஆண்டு 1927. இரண்டாண்டு கழித்து மற்றொன்றும் அகப்பட்டது. மூன்று பொசுபேற்றுக்கள் வால்போல் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்பட்ட அடினோசின் முப்பொசுபேற்று, சுருக்கமாக ஏ.ரி.பி. ஜேர்மனியில் லோமான் என்பாரும் அதே 1929 இல் அதனைத் தனித்துக் கண்டார். தசையின் இயக்கத்துக்கு இலற்றிக்கமிலமே மூலம் என்று விளக்கி நோபெல் பரிசு பெற்றோரின் கொள்கை, இவற்றால் நிலைகுலைந்தது. உயிருள்ள கலம் எதுவாயினும், தன் வேலைக்குச் செலவிடும் நாணயம் ஏ.ரி.பி. என்பது பின்னர் தெளிவாயிற்று.

தசையிலே கண்ட இந்நாணயத்துக்கும் குருதிக்கும் என்ன தொடர்பு? சுப்பாராவ் உயிரோடிருந்தவரை இவ்வினாவுக்கு விடை கிடையாது. 1955 இல், அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின், அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பிஷர், கிரெப்ஸ் என்னும் இருவர், ஏ.ரி.பி. யின் பொசுபேற்று ஒன்றைப் புரதத்தின்மீது ஏற்றினால் அப்புரதம் உறக்கம் நீங்கி வேலை தொடங்குகின்றது என்று காட்டினர். அஃதாவது ஏ.ரி.பி. வெறும் நாணயம் மட்டுமன்று, முத்திரையும் ஆகும். கலத்தினுள் ஆணைகள் கைமாறுவது பெரும்பாலும் இம்முத்திரையாலேயே.

குருதிக் கலத்தில் அது நிகழும் விதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். உடலில் ஒட்சிசன் குறைந்தால் முதலில் உணர்வது சிறுநீரகம். அது எரித்ரோபொயற்றினைக் குருதியில் விடுகின்றது. மச்சையிலே, செங்குழியமாக வளரவேண்டிய இளங்கலங்களின் மேற்புறத்தில் அதற்கென அமைந்த வாங்கிகள் இரண்டிரண்டாய் நிற்கின்றன. ஒவ்வொரு வாங்கியும் மென்சவ்வை ஊடுருவி நிற்பது. தலை வெளியே, வால் உள்ளே. உள்ளே நீளும் வாலோடு ஜாக் 2 என்னும் நொதியம் ஒட்டியிருக்கும். முன்னும் பின்னும் முகமுடைய உரோமானியத் தெய்வத்தின் பெயரை அதற்கு இட்டிருக்கின்றனர். எரித்ரோபொயற்றின் வந்து இரு வாங்கிகளின் தலைகளையும் ஒருங்கே பற்றியதும் அவை சற்றே திரும்பி நெருங்குகின்றன. உள்ளே இரு நொதியங்களும் ஒன்றையொன்று எட்டுகின்றன. உடனே ஒவ்வொன்றும் ஏ.ரி.பி. யிலிருந்து கடைசிப் பொசுபேற்றைக் கழற்றி மற்றதன்மேல் பொறிக்கின்றது. விழிப்புற்ற நொதியங்கள் பின்னர் வாங்கியின் வாலிலே, தைரோசின் என்னும் அமினோவமிலம் நிற்கும் இடங்களில், அதே முத்திரையைப் பதிக்கின்றன. அம்முத்திரை கண்டு ஸ்ராற் 5 என்னும் புரதம் வந்து ஒட்டுகின்றது. தானும் முத்திரை பெற்று விலகுகின்றது. முத்திரை பெற்ற இரண்டு சோடி சேர்ந்து கருவினுள் நுழைந்து, உரிய பரம்பரையலகுகளைத் தொட்டு எழுப்புகின்றன. இறக்காதே, பெருகு, செங்குழியமாகு என்பதே அவ்வாணையின் பொருள். ஓலை கொண்டுவந்த தூதுவன் வாசலோடு நிற்க, முத்திரை மட்டுமே கைமாறிக் கைமாறி அரண்மனையின் உள்ளறை வரை செல்கின்றது என்று சொன்னால் பொருந்தும். வேலை முடிந்ததும் முத்திரையை அழிக்கும் நொதியங்களும் அங்கே உண்டு. ஆணை வாராவிடின் அவ்விளங்கலங்கள் காத்திருப்பதில்லை, தாமே மடிந்துவிடும்.

நம் உடலில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ இருபது இலட்சம் செங்குழியங்கள் இவ்வாறு தோன்றுகின்றன. ஒவ்வொன்றின் வாழ்நாளும் 120 நாள் அளவினது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் குருதி குன்றுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும்: மச்சை இருக்கின்றது, ஆணையிடுவார் இல்லை. இன்று அன்னார்க்கு எரித்ரோபொயற்றினையே ஊசியாக ஏற்றுகின்றனர்.

ஆணை மட்டும் போதுமா? விதை நெல் இல்லாத வீட்டில் விதைக்கச் சொல்லி ஆணையிட்டு ஆவதென்ன? கலமொன்று இரண்டாவதற்கு, அதன் கருவிலுள்ள டீ.என்.ஏ. இழை முழுவதும் புதிதாய்ப் பிரதி செய்யப்படல் வேண்டும். அவ்விழையின் நான்கு எழுத்துக்களுள் ஒன்றை ஆக்கப் போலிக்கமிலத்தின் துணை இன்றியமையாதது. அது கிட்டாதபோது ஆணை வந்தும் கலம் பிரியமாட்டாது; உடல் பருத்து, கரு முதிராது, மச்சையிலேயே பாழாகும். கிராணி நோயில் முகம் வெளிறுவதன் இரகசியம் இதுவே. பழுதுபட்ட குடல் போலிக்கமிலத்தை உறிஞ்சுவதில்லை.

இந்த உண்மைக்குச் செல்லும் பாதை நீண்டது. பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இவ்வாறு வெளிறி மாய்வதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாதரசி ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் தங்கி ஆராய்ச்சி நடத்தினார். நொதியத்தின் சாறாகிய மாமைற் அப்பெண்களைக் குணப்படுத்துகின்றது என 1931 இல் வெளியிட்டார். நம்மவர் பாணில் தடவி உண்ணும் அதே மாமைற் தான். 1941 இல் ரெக்சாசில் மூவர், பசளிக் கீரையை நான்கு தொன் அளவிற் பிழிந்து ஓர் அமிலத்தைச் செறிவாக்கினர். இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். முருங்கையிலையும் பயறும் நம் அடுக்களைக்குப் புதியனவோ?

சுப்பாராவோ ஹார்வாட்டில் 1930 களிலேயே ஈரற்சாற்றைக் கூறுகூறாய்ப் பிரித்து, குருதிச்சோகையைத் தீர்க்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை. அவர் கண்டவற்றுட் சில, பிஸ்கேயின் பொறாமையினால் வெளிவராது, பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட நேர்ந்தது என்று, உடன் பணியாற்றிப் பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஹிச்சிங்ஸ் கூறியிருக்கின்றார். 1940 இல் சுப்பாராவ் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்று, விரைவில் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே அவர் வழிநடத்திய குழு 1945 இல் போலிக்கமிலத்தை ஆய்வுகூடத்திலேயே ஆக்கி முடித்தது. தனியொருவர் சாதனையென்று இதனைச் சொல்லல் தகாது. குழுவில் பலர் உளர். ஆயினும் குழுவைக் கூட்டி, தளரவிடாது நடத்தியவர் அவரே. அடுத்த ஆண்டளவில் கியூபாவிலும் புவேட்டோ ரிக்கோவிலும் கிராணி நோயாளர் அம்மருந்தால் குருதி ஊறித் தேறினர். அவர் உள்ளம் அவ்வேளை எவ்வாறிருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்க. தாம் ஈரலிலே தேடிய பொருள் மட்டும் இதுவன்று. அது விற்றமின் பீ 12. அதனை 1948 இல் பிறர் பிரித்தெடுத்தனர்.

போலிக்கமிலத்தின் கதை இதனோடு முடியவில்லை. குருதிப் புற்றுநோய் என்பது, மேலே சொன்ன ஆணைச் சங்கிலியில் கேடு வந்து, அடக்குவாரின்றி வெண்குழிய இளங்கலங்கள் பெருகும் நோய். பொஸ்ரனில் சிட்னி பார்பர் என்னும் குழந்தை வைத்தியர், அந்நோயுற்ற பிள்ளைகளுக்குப் போலிக்கமிலம் போன்ற பொருள்களைக் கொடுத்தபோது நோய் மேலும் விரைவதாகக் கருதினார். அங்ஙனமாயின் போலிக்கமிலத்தை மறிக்கும் பொருள் வேண்டும். சுப்பாராவின் கூடம் அதனைச் செய்து கொடுத்தது. போலிக்கமிலத்தை உருவத்தில் ஒத்து, அதன் இடத்தைப் பற்றிக்கொண்டு, வேலை மட்டும் செய்யாத வஞ்சகப் பொருள். அமினோப்தெரின் அதன் பெயர். 1948 ஜூன் மாதத்தில் பார்பர் தம் முடிவை வெளியிட்டார். கடும் நோயுற்ற பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகத் தணிவுதான், நோய் மீண்டது. ஆனால் அதற்கு முன்னர் அத்தணிவுகூட மருந்தால் எவருக்கும் வாய்த்ததில்லை. அதன் உடன்பிறப்பாகிய மெதோத்திரெக்சேற்று இன்றும் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு வழங்கும் மருந்துகளுள் முதன்மையான ஒன்று.

சுப்பாராவ் ஆணையை நிறுத்தவில்லை. நிறுத்த அன்று வழி தெரியாது. விதை நெல்லை மறித்தார். ஆணையையே மறிக்கும் மருந்து 2001 இல் வந்தது. இமற்றினிப் என்னும் அது, குருதிப் புற்றுநோயின் ஒருவகைக்கு மூலமான கெட்ட நொதியத்தில் ஏ.ரி.பி. அமரும் இருக்கையிலே தான் ஏறி அமர்ந்து, முத்திரை பொறிக்கவிடாது தடுக்கின்றது. 2005 இல், ஜாக் 2 நொதியத்தில் ஓர் எழுத்து மாறியதால், ஆணை வராமலே செங்குழியங்கள் மிகைப்படும் நோய் தோன்றுகின்றது என்பது தெரிந்தது. அதற்கும் அவ்விருக்கையையே குறிவைத்து மருந்து செய்தனர். 1929 இல் தசையிலிருந்து பிரித்தெடுத்த பொருளொன்று, முக்கால் நூற்றாண்டு கழித்து, புற்றுநோய் மருந்துக்கு இலக்குக் காட்டுமென்று யார் எண்ணியிருப்பர்?

லெடர்லியில் இருந்த எட்டாண்டுகளில் அவர் கூடத்திலிருந்து வேறு மருந்துகளும் வந்தன. யானைக்கால் நோய்க்கான ஹெற்றிறசான் 1947 ஐச் சேர்ந்தது. நம் இலங்கையில் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததற்குப் பின்னே அம்மருந்தின் பங்கு பெரிது. டகார் என்னும் முதிய தாவரவியலார் மண்ணிலே கண்ட ஓரியோமைசின், ரெற்றாசைக்கிளின் குடும்பத்தின் முதற்பிள்ளை. 1948 ஜூலையில் நியூயோர்க்கில் அறிஞர் கூட்டமொன்றில் அது வெளியிடப்பட்டபோது, சுப்பாராவ் முன்வரிசையில் நின்று புகழ் கொள்ளவில்லை. அஃது அவர் வழக்கமும் அன்று. பட்டங்களையும் பத்திரிகைப் படங்களையும் தவிர்த்தார். இந்தியருக்கு அமெரிக்கக் குடியுரிமை பெற 1946 இல் சட்டம் இடந்தந்தும் அவர் அதைப் பெற்று முடித்தாரில்லை. கால் நூற்றாண்டு அந்நாட்டில் அந்நியராகவே வாழ்ந்தார். சேஷகிரி அம்மையார் இந்தியாவிலே காத்திருந்தார்.

அக்கூட்டம் நடந்து மூன்று வாரமும் நிறையவில்லை. ஓகஸ்ட் 9 ஆந் திகதி காலையில் அவர் படுக்கையில் இறந்து கிடக்கக் கண்டனர். உறக்கத்திலே இதயம் நின்றிருந்தது.

அவர் தமையனையும் தம்பியையும் கொன்ற அந்தக் கிராணிக்கு இன்று வைத்தியர் எழுதும் சீட்டில் இரண்டு மருந்துகள் இருக்கும்: போலிக்கமிலம் ஒன்று, ஓரியோமைசினின் வழிவந்த ரெற்றாசைக்கிளின் மற்றொன்று.